மகளுக்கு 17 முடிந்தது, பழைய கார் ஒன்று வாங்கப் போகிறோம்: யார் பேரில் பதிவது, யாரை டிரைவர் என்று சொல்வது?

குறிஞ்சிப்பாடிக்காரன், டர்பன்

வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். கடலூர் பக்கம் சொந்த ஊர், வேலைக்காக வந்து இங்கேயே நிலைத்துவிட்டோம், ஆனால் இன்னும் பாஸ்போர்ட்டும் விசாவும்தான், இந்த நாட்டு ஐடி கிடையாது. மகள் மெட்ரிக் (இங்கே பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கிறாள், 17 முடிந்துவிட்டது, லெர்னர்ஸும் (பழகுநர் லைசென்ஸ்) வாங்கிவிட்டாள். அன்று முதல் வீட்டில் கார் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை, சாப்பிட உட்கார்ந்தாலும் அதுதான், தூங்கப் போகும்போதும் அதுதான்.

எங்கள் தெருவில் ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் தன் 2013 டொயோட்டா எட்டியோஸ் காரை விற்கிறார். எண்பதாயிரம் ராண்ட் சொல்கிறார், கொஞ்சம் இறங்குவார் என்று நினைக்கிறேன். கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் போய் வந்த வண்டி, கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அதனால் என் கேள்வி வண்டியைப் பற்றி இல்லை, காகித வேலையைப் பற்றி.

வண்டியை மகள் பேரிலேயே பதியலாமா, இல்லை இப்போதைக்கு என் பேரில் வைத்து 18 ஆனதும் மாற்றுவதா? மாற்றினால் மறுபடி ரோட்வொர்த்தி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), மறுபடி கட்டணம் என்று செலவு இரட்டிப்பாகுமே என்று யோசிக்கிறேன். அப்புறம் இன்சூரன்ஸ். ஊரில் தர்ட் பார்ட்டியாவது இல்லாமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது. இங்கே அது கட்டாயமே இல்லை, பெட்ரோல் போடும்போதே அந்தக் காசையும் பிடித்துவிடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் அடித்துச் சொல்கிறார். நிஜமா?

ஆபீசில் ஒருவர் வேறு ஒரு வழி சொல்கிறார். எல்லாவற்றையும் உன் பேரில் போடு, ஓட்டுவது நான்தான் என்று சொல்லிவிடு, பிள்ளை பேரை எடுத்தாலே பிரீமியம் எகிறிவிடும் என்கிறார். அவர் மகனுக்கு அப்படித்தான் செய்திருக்கிறாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எங்கேயோ இடிக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெர்பேங்க் டீச்சரக்கா

தம்பி, இன்சூரன்ஸ் பற்றி அந்த வேலையில் இருப்பவர்கள் வந்து சொல்லட்டும். லைசென்சும் பதிவும் எனக்குத் தெரியும், தங்கை மகனுக்காக இதே அலைச்சல் அலைந்தவள் நான்.

முதலில் வயது. காருக்கான லெர்னர்ஸ் 17 வயதில் கிடைக்கும், ஆனால் டிரைவிங் டெஸ்ட் 18 ஆன பிறகுதான். லெர்னர்ஸ் 24 மாதம் செல்லும், அதற்கு மேல் நீட்டித் தர மாட்டார்கள், காலாவதியானால் திரும்ப எழுத்துத் தேர்விலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். நேரம் நிறைய இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், சில சென்டர்களில் டெஸ்ட்டுக்குத் தேதி கிடைப்பதே பெரிய பாடு.

இந்த இடைப்பட்ட காலத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவர் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே ஆக வேண்டும். பின்சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு வருவது கணக்கில் வராது. அவர் லைசென்ஸும் அந்த வகை வண்டிக்கானதாக இருக்க வேண்டும், பைக் லைசென்ஸ் மட்டும் வைத்திருக்கும் சித்தப்பாவைத் துணைக்கு அனுப்ப முடியாது. தனியாக ஓட்டினால் லைசென்ஸே இல்லாமல் ஓட்டியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அப்படி ஓட்ட விட்ட வண்டிக்காரர் மேலும் குற்றம் வரும். முக்குக் கடைக்குத்தானே என்பதெல்லாம் செல்லாது. மால் பார்க்கிங், கோயில் வாசல் மைதானம் எல்லாம் ரோடு இல்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பொதுமக்கள் வந்து போகிற இடமென்றால் அங்கேயும் இதே சட்டம்தான்.

பதிவைப் பொறுத்தவரை உங்கள் பேரிலேயே போடுங்கள். உங்களிடம் ஐடி இல்லை என்பதால் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பரில்தான் எல்லாம் நடக்கும். ஏற்கெனவே ஒரு கார் உங்கள் பேரில் இருந்தால் அந்த நம்பர் இருக்கும், அதன் தாள் எங்கே என்று இப்போதே தேடி எடுத்து வையுங்கள், விண்ணப்பிக்கும் நாளில் தேடினால் கிடைக்காது. வாங்கியதிலிருந்து 21 நாளுக்குள் உங்கள் பேரில் பதிய வேண்டும். விற்பவர் உரிமை மாறியதற்கான நோட்டீஸைக் கொடுக்க வேண்டும், அந்தப் பெரியவர் அதைக் கொடுத்தாரா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் மகள் வாங்கும் ஃபைன் எல்லாம் அவர் வீட்டுக்குப் போகும், அப்புறம் தெருவில் முகம் பார்க்க முடியாது. ரெஜிஸ்ட்ரேஷன் சர்டிஃபிகேட் அசல், உங்கள் பாஸ்போர்ட், விலாசச் சான்று, ரோட்வொர்த்தி, நிரப்பிய ஃபாரம், கட்டணம். இவ்வளவுதான். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டில் டைட்டில் ஹோல்டர் என்று ஏதாவது பேங்க் பேர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம், பணத்தை நீட்டிவிடாதீர்கள். கண்ணாடியில் ஒட்டும் வருடாந்தர லைசென்ஸ் டிஸ்க்கில் பாக்கி இருந்தாலும் கவுண்டரில் வேலை நகராது.

ரோட்வொர்த்தி 60 நாள் செல்லும். யார் எடுப்பது என்பது பேரம்தான், விற்பவர் எடுத்துத் தருவது நல்லது, ஏனென்றால் பாஸ் ஆகாவிட்டால் அவர் செலவில் சரி செய்வார். கோயிலுக்கு மட்டும் போன வண்டிதான் பெரும்பாலும் மாட்டும். தங்கை மகன் வாங்கியதும் அப்படி ஒரு தாத்தா கார்தான். ரோட்வொர்த்தி சென்டரில் பள்ளத்தின் மேல் நிறுத்தி, கீழே இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தவர், முன்சக்கரத்தைக் கையால் பிடித்து இழுத்து ஆட்டினார், டக் டக் என்று சத்தம், பால் ஜாயிண்ட் போயிருந்தது. டயரில் கட்டம் எல்லாம் ஆழமாக இருந்தது, ஓடவே இல்லையே, ஆனால் பக்கவாட்டில் வெயிலில் வெடித்துப் போயிருந்தது. பின்பக்க நம்பர் பிளேட் லைட் எரியவில்லை. வண்டி உள்ளே போவதற்கு முன்னாலேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

18 ஆனதும் பேர் மாற்றினால் ஆமாம், மறுபடி ரோட்வொர்த்தி, மறுபடி கட்டணம்தான். ஆனால் மாற்ற வேண்டும் என்று கட்டாயம் எங்கே இருக்கிறது? உங்கள் பேரிலேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

பிரீமியம் பாபு, உம்ஷ்லாங்கா

ஒரு புரோக்கர் ஆபீசில் க்ளெய்ம் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதி உண்மை. தென்னாப்பிரிக்காவில் தனியார் காருக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் இரண்டு ராண்டுக்கு மேல் ரோடு ஆக்சிடென்ட் ஃபண்டுக்குப் போகிறது, அதுதான் அவர் சொல்லும் காசு. ஆனால் அந்த ஃபண்டு பார்ப்பது உடம்பை மட்டும்தான். விபத்தில் ஒருவருக்குக் கை கால் போனால், உயிர் போனால், தப்பு வேறு ஒரு ஓட்டுநர் பேரில் இருந்தால், அவரோ அவர் குடும்பமோ ஃபண்டிடம் கேட்கலாம். 2008 ஆகஸ்டிலிருந்து காயத்துக்காக ஓட்டியவரைத் தனியாகக் கோர்ட்டுக்கு இழுப்பதும் நின்றுவிட்டது. இது வரைக்கும் நல்ல செய்தி. வண்டிக்கு, சுவருக்கு, கேட்டுக்கு, லைட் கம்பத்துக்கு ஃபண்டு ஒரு சென்ட்கூடத் தராது. உங்கள் மகள் ரோபோட்டில் (சிக்னலில்) பிரேக் பிடிக்க மறந்து முன்னால் நிற்கும் ஃபார்ச்சூனரில் இடித்தால், அதைச் சரி செய்யும் பில் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். அந்த ஃபார்ச்சூனருக்கு இன்சூரன்ஸ் இருந்தால் இன்னும் மோசம், அவர்கள் கம்பெனி முதலில் கட்டிவிட்டு, அப்புறம் வக்கீல் நோட்டீஸோடு உங்களிடம் வரும், விடவே விடாது.

தப்பு அவள் பேரில் என்றால், ஓட்டுபவருக்கு ஏற்பட்ட காயத்துக்கும் அவள் ஃபண்டிடம் கேட்க முடியாது. இதையும் மனசில் வையுங்கள்.

இப்போது உங்கள் ஆபீஸ் நண்பரின் யோசனை. பாலிசி எடுக்கும்போது போனில் கேட்கும் கேள்விகளில் ஒன்றுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது: ரெகுலர் டிரைவர் யார்? வண்டி யார் பேரில் என்பது அது இல்லை. பாலிசிக்குக் காசு கட்டுவது யார் என்பதும் அது இல்லை. இந்த வண்டியை மாதத்தில் மற்ற எல்லோரையும்விட அதிகம் ஓட்டுவது யார், அவ்வளவுதான். அவர் வயது என்ன, லைசென்ஸ் வாங்கி எத்தனை வருடம், ராத்திரி வண்டி எங்கே நிற்கிறது, இவற்றை வைத்துத்தான் பிரீமியம் போடுகிறார்கள். 45 வயது அப்பாவைச் சொல்லிவிட்டு 18 வயதுப் பிள்ளை தினமும் ஓட்டினால், கம்பெனி கணக்குப் போட்டது வேறு ஆளுக்கு. தெரியவந்தால் க்ளெய்மைத் தள்ளுபடி செய்ய அவர்களுக்கு வழி இருக்கிறது, பாலிசியையே ஆரம்பத்திலிருந்து செல்லாது என்று சொல்லவும் பார்ப்பார்கள்.

எப்படித் தெரியவரும் என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். நான் பார்த்த ஒரு கேஸ் சொல்கிறேன், கம்பெனி பேர் வேண்டாம். அப்பாதான் ரெகுலர் டிரைவர் என்று பாலிசி. வண்டி ஒரு வளைவில் தடுப்பில் மோதி முன்பக்கம் நொறுங்கிவிட்டது. அன்று மட்டும் மகன் ஓட்டினான் என்று க்ளெய்ம் ஃபாரமில் எழுதினார்கள். சேதத்தை மதிப்பிடும் கம்பெனி அசெசர் வந்து சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்தார். கண்ணாடியின் மூலையில் லைசென்ஸ் டிஸ்க்குக்குக் கீழே ஒரு கல்லூரி பார்க்கிங் ஸ்டிக்கர், மாணவர்களுக்கான கலரில். பின்சீட்டில் லேப் கோட். டிரைவர் சீட் முழுதாக முன்னால் இழுத்து விட்டிருந்தது, அப்பாவோ ஆறடி ஆள். அதற்கப்புறம் போன் போட்டு இரண்டே கேள்வி, சாதாரணமாகப் பேசுவதுபோல: நீங்கள் வேலைக்கு எதில் போகிறீர்கள், மகன் கல்லூரிக்கு எதில் போகிறான்? அந்த போன் ரெக்கார்டு ஆகிறது. க்ளெய்ம் போச்சு. வண்டிக்கு பேங்க் கடன் வேறு இருந்தது.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மகளிடம் லெர்னர்ஸ் மட்டும் இருக்கும்வரை அவள் தனியாக ஓட்டவே முடியாது. எட்டியோஸை நீங்களோ உங்கள் வீட்டம்மாவோ நிஜமாகவே வேலைக்கும் கடைக்கும் எடுத்துப்போய், வார இறுதியில் அவள் பழகினால், ரெகுலர் டிரைவர் நீங்கள் என்பது பொய்யே இல்லை. பொய்யாவது அவள் லைசென்ஸ் வாங்கித் தனியாக ஓட்ட ஆரம்பிக்கும் அன்றைக்கு. உங்கள் நண்பர் மாட்டியிருப்பதும் அங்கேதான். அந்த வாரமே கம்பெனிக்கு போன் செய்து மாற்ற வேண்டும், ரின்யூவல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அதுவரை செய்ய வேண்டியது: இப்போது நீங்கள் ஓட்டும் காரின் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள், அவள் அதிலும்தானே பழகுவாள். சில பாலிசி பேர் சொன்ன டிரைவர்களுக்கு மட்டும், சிலவற்றில் 25 வயதுக்குக் கீழே யாருக்கும் கவர் இல்லை என்று ஒரு வரி இருக்கும், விலை குறைந்த பாலிசிகளில் அது அதிகம். லெர்னர்ஸ் உள்ளவர் சட்டப்படி துணையோடு ஓட்டினால் கவர் உண்டா என்று ஈமெயிலில் கேட்டு ஈமெயிலில் பதில் வாங்குங்கள். போனில் சொன்னார்கள் என்பது அன்றைக்கு உதவாது.

யார் பேரில் பதிவது என்பதில் டீச்சரக்கா சொன்னதுதான் சரி. 18 ஆகாதவர் தானாக ஒப்பந்தம் போட முடியாது, பாலிசி எப்படியும் உங்கள் பேரில்தான் வரும். வண்டியும் பாலிசியும் ஒரே பேரில் இருந்தால் க்ளெய்ம் நேரத்தில் ஒரு கேள்வி குறையும்.

லெனேஷியா ராஜன்

புரோக்கர் தம்பி கோவித்துக்கொள்ள வேண்டாம், நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்கிறேன். எண்பதாயிரம் ராண்ட் வண்டிக்கு, 18 வயதுப் பிள்ளையை ரெகுலர் டிரைவராகப் போட்டு, நம் வண்டிச் சேதத்தையும் பார்க்கும் முழு காம்ப்ரிஹென்சிவ் எடுத்தால் கட்டுகிற பிரீமியத்தைக் கூட்டிப் பாருங்கள். அதன் மேல் எக்ஸஸ், அதாவது ஒவ்வொரு க்ளெய்மிலும் நம் கையிலிருந்து கட்டும் பங்கு. சின்ன இடி எல்லாம் எக்ஸஸுக்குள்ளேயே முடிந்துவிடும், ஒரு ராண்ட் வராது. வருடத்துக்கு வருடம் வண்டி மதிப்பு இறங்கிக்கொண்டே போகும், அவர்கள் கொடுப்பதும் அன்றைய மதிப்புதான், நீங்கள் வாங்கிய விலை இல்லை.

என் பசங்களுக்கு நான் தர்ட் பார்ட்டி மட்டும்தான் எடுத்தேன். அடுத்தவன் வண்டியை இடித்தால் அது பார்த்துக்கொள்ளும், நம் வண்டி போனால் போகட்டும். மிச்சமாகும் பணத்தைத் தனியாக ஒரு அக்கவுண்டில் போட்டு வைத்தோம். பெரியவனுக்கு வாங்கியது பழைய டொயோட்டா டாஸ், இங்கே ஜோபர்க்கில் திருடர்கள் அதையும் விட மாட்டார்கள், ஆனால் போலோ விவோ கார் அளவுக்குக் கண் வைப்பதில்லை. எட்டியோஸ் நல்ல தேர்வு அண்ணே, பார்ட்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

ஒன்று மட்டும் விடாதீர்கள். சாஸ்ரியா என்று பாலிசியில் ஒரு வரி இருக்கும், கலவரம், வேலை நிறுத்தம் மாதிரி சமயத்தில் ஆகும் சேதத்துக்கு. அரசாங்கத்துக் கம்பெனி அது, சாதாரண பாலிசி அந்தச் சேதத்தைப் பார்க்காது. மாதம் சில ராண்ட்தான். 2021 ஜூலையில் உங்கள் டர்பனில் என்ன நடந்தது என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், இதில் அவர் சரியாகச் சொல்வார்.

பிரீமியம் பாபு, உம்ஷ்லாங்கா

ராஜன் அண்ணே, கோபமெல்லாம் இல்லை. சொந்தக் காசில் வாங்கிய, போனாலும் தாங்கிக்கொள்ளக் கூடிய வண்டி என்றால் நீங்கள் சொல்வது நியாயம்தான். கடனில் வாங்கினால் பேங்க் காம்ப்ரிஹென்சிவ் கேட்கும், அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. நடுவில் இன்னொன்றும் இருக்கிறது, தர்ட் பார்ட்டியோடு தீயும் திருட்டும் சேர்ந்தது. டர்பனில் தெருவில் நிற்கும் வண்டிக்கு நான் அதைத்தான் சொல்வேன். திருட்டுக்கு கவர் கேட்டால் சில கம்பெனி டிராக்கர் பொருத்தச் சொல்லும், அதன் மாதக் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். டிராக்கர் வேலை செய்யவில்லை என்றால் திருட்டு க்ளெய்ம் நிற்காது, மாதக் கட்டணம் கட்டாமல் அது ஆஃப் ஆகிக் கிடப்பதும் உண்டு.

ஆனால் தர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தாலும் ரெகுலர் டிரைவர் கேள்வி அதேதான். அதில் பொய் சொன்னால் ஃபார்ச்சூனர் பில்லும் உங்கள் தலையில்தான்.

குறிஞ்சிப்பாடிக்காரன், டர்பன்

எல்லோருக்கும் நன்றி. டீச்சரக்கா, டிராஃபிக் ரெஜிஸ்டர் தாள் கிடைத்துவிட்டது, மனைவி அதைப் பிள்ளையின் தடுப்பூசி அட்டையோடு வைத்திருந்தார்.

இரண்டு கேள்வி மிச்சம். அவளுக்குப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் கேம்பசில் இடம் கிடைக்கலாம். கிடைத்தால் திங்கள் முதல் வெள்ளி வரை வண்டியோடு அங்கே தங்குவாள், வார இறுதியில் வீட்டுக்கு வருவாள். விலாசம் எதைக் கொடுப்பது? இன்னொன்று, வீட்டில் இருக்கும் எங்கள் கார் ஆட்டோமேட்டிக், எட்டியோஸ் கியர் வண்டி. ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால் சீக்கிரம் பாஸ் ஆகிவிடலாமே என்று மகள் கேட்கிறாள். பாபு, எக்ஸஸ் எவ்வளவு வரும் என்று ஒரு உதாரணமும் சொல்லுங்களேன்.

பிரீமியம் பாபு, உம்ஷ்லாங்கா

விலாசம் என்று அவர்கள் கேட்பது வண்டி ராத்திரி நிற்கும் இடம். வாரத்தில் ஐந்து ராத்திரி பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்றால் அந்த விலாசம்தான். ஹாஸ்டலில் கேட், காவலாளி, மூடிய பார்க்கிங் இருக்கிறதா என்று கேட்பார்கள், இருந்தால் சொல்லுங்கள், இல்லை என்றால் இல்லை என்றே சொல்லுங்கள். வெளியே தெருவில் நிற்கும் வண்டியைப் பூட்டிய பார்க்கிங்கில் நிற்கிறது என்று எழுதிவிட்டு, திருடு போன பிறகு முழித்தவர்கள் உண்டு. டிசம்பர் லீவில் வீட்டுக்கு வந்தால் அதற்கு ஒரு போன்.

ஹாஸ்டல் என்றதும் இன்னொரு விஷயம். சாவி கைமாறும். வேறு பிள்ளைகள் ஓட்டினால் கவர் உண்டா, லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாமா என்று பாலிசியில் பார்த்து அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். குடித்தவர் ஓட்டினால் கவர் இல்லை, ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம்தான் எல்லை, யார் சாவியைக் கொடுத்தார்கள் என்று வேறு பிரச்சினை வரும்.

எக்ஸஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால் நான் சொல்வது வெறும் உதாரணக் கணக்கு. அடிப்படை எக்ஸஸ் 5,000 ராண்ட் என்று வையுங்கள். ஓட்டியவர் 25 வயதுக்குக் கீழே என்றால் மேலே 3,000. லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் இன்னொரு 3,000. பாலிசி எடுத்த முதல் சில மாதத்துக்குள் க்ளெய்ம் என்றால் அதற்கும் ஒன்று. இவை ஒன்றின் மேல் ஒன்றாகக் கூடும், பலர் எது பெரியதோ அது மட்டும் என்று நினைக்கிறார்கள். ஆக 8,000 ராண்ட் பம்பர் வேலைக்கு 11,000 எக்ஸஸ் என்று வந்து நிற்கும், ராஜன் அண்ணன் சொன்னது அதைத்தான். குறைந்த பிரீமியம் என்று விளம்பரம் வரும்போதெல்லாம் எக்ஸஸ் தாளைப் புரட்டுங்கள், மிச்சம் பிடித்தது அங்கே ஒளிந்திருக்கும்.

க்ளெய்ம் உங்கள் பாலிசியில் போனால் உங்கள் க்ளெய்ம் வரலாற்றில்தான் ஏறும், உங்கள் பெரிய காரின் பிரீமியமும் அடுத்த வருடம் அசையும். அதனால் சிலர் எட்டியோஸுக்குத் தனிப் பாலிசி எடுத்து, பிள்ளைக்கு 18 ஆனதும் அதை அவள் பேருக்கு மாற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் அவள் பேரில் க்ளெய்ம் இல்லாத வருடங்கள் சேர ஆரம்பிக்கும், 25 வயதில் அது காசாகத் திரும்பும். ஆனால் அந்தச் சமயத்தில் வண்டிப் பதிவையும் அவள் பேருக்கு மாற்ற வேண்டுமா என்று கம்பெனியைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஒருவேளை க்ளெய்ம் மறுத்தால் கடிதத்தைப் பார்த்ததும் சும்மா இருக்காதீர்கள். 90 நாளுக்குள் கம்பெனியிடமே உங்கள் தரப்பை எழுதிக் கொடுக்கலாம், அதற்கும் மசியாவிட்டால் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்புட் என்ற முறையீட்டு அமைப்பு இருக்கிறது, 2024 மார்ச்சிலிருந்து பழைய ஆம்புட் ஆபீஸ்கள் பல அதில் ஒன்றாகிவிட்டன, செலவு கிடையாது. விபத்தில் யாருக்காவது காயம் என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிந்து நம்பர் வாங்க வேண்டும், அதை மட்டும் தள்ளிப் போடக் கூடாது.

மெர்பேங்க் டீச்சரக்கா

ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்துப் பாஸ் ஆனால் லைசென்ஸில் ஆட்டோமேட்டிக் மட்டும் என்று அச்சாகிவிடும் தம்பி. அப்புறம் கியர் வண்டியான எட்டியோஸை அவள் தொடக் கூடாது, தொட்டால் லைசென்ஸ் இல்லாத மாதிரிதான், பாபு சொல்லும் க்ளெய்ம் எல்லாம் அங்கேயே அடிபடும். எட்டியோஸை வாங்குவது என்று முடிவானால் எட்டியோஸிலேயே பழகி எட்டியோஸிலேயே டெஸ்ட் கொடுக்கட்டும். கே53 என்னும் இந்த டிரைவிங் டெஸ்ட்டின் யார்டில் பிள்ளைகள் விழுவது மேட்டில் ஏற்றும்போதுதான், வண்டி கொஞ்சம் பின்னால் உருண்டாலே ஃபெயில். ஹேண்ட் பிரேக்கை எப்போது விடுவது என்று கால் பழக வேண்டும். அதற்கு அவள் டெஸ்ட் கொடுக்கப் போகும் அதே வண்டி நல்லது. சாட்ஸ்வொர்த்தில் மேட்டுக்கு என்ன பஞ்சம், உங்கள் தெருவே போதும். ஆனால் காலை ஏழு மணிக்கு ஹிக்கின்சன் ஹைவே பக்கம் கூட்டிப்போகாதீர்கள், டாக்ஸிக்காரர்கள் எல் போர்டைப் பார்த்தால் ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிடுவார்கள், பிள்ளை பதறிப்போவாள்.

டெஸ்ட்டுக்குக் கொண்டுபோகும் வண்டியில் டிஸ்க் காலாவதியாகியிருந்தாலோ, இண்டிகேட்டரோ பிரேக் லைட்டோ எரியாவிட்டாலோ டெஸ்ட்டே எடுக்க மாட்டார்கள், காசும் தேதியும் போகும். முந்தின நாள் ராத்திரி ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து எல்லா லைட்டையும் போட்டுப் பாருங்கள்.

பாஸ் ஆனதும் கார்டு உடனே கையில் வராது. நாடு முழுக்க கார்டு அச்சடிக்க ஒரே மெஷின்தான் இருந்தது, 2025 ஆரம்பத்தில் அது பழுதாகி மாதக்கணக்கில் நின்றதை எல்லோரும் பார்த்தோம். அதனால் பாஸ் ஆன அன்றைக்கே அதே கவுண்டரில் டெம்பரரி லைசென்ஸுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், போட்டோ கூடுதலாக எடுத்துப் போங்கள். அந்தத் தாளின் நகலைத்தான் இன்சூரன்ஸ்காரர்களுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.